மேல் முன்பல் இரண்டு

ராகவிக்கு நாற்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்தபோது மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆடத் தொடங்கின. வேறு தொழில் செய்கிறவளாயிருந்தால் அப்பிளைக் கடிக்காமல் வெட்டித் தின்னப் பழகிக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது பல்வைத்தியரிடம் போயிருப்பாள். ராகவி டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறவள். அந்த வாத்தியத்தின் மவுத்பீஸை வாயில் வைத்தால் கீழுதடு ரீட் என்கிற நாணல் தகட்டைத் தாங்கும். மேலே ஊன்றிப் பிடித்துக்கொள்வது இந்த இரண்டு பற்கள்தாம். அவள் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் மணிக்கணக்காக ஊன்றிய பற்கள்.

ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் பல்வைத்தியர் ஹம்சத்வனியின் அறை இருந்தது. ஹம்சத்வனி ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை. ராகவியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். எக்ஸ்ரே படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேராச் சொல்லட்டே?"

"சொல்லும்."

"பல்லிலை பெரிசாப் பிழையில்லை. பல்லைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற எலும்புதான் கரைஞ்சு போச்சு. ரெண்டையும் எடுக்க வேணும். எலும்பு ஆறினாப் பிறகு இம்பிளாண்ட் பல் வைக்கலாம்."

"எவ்வளவு காலம் வாசிக்கேலாது?"

"ஒரு வருசம் எண்டு நினையுங்கோ. கூடவும் பிடிக்கலாம்."

அழுகை வரும், இல்லையென்றால் பயமாவது வரும் என்று ராகவி நினைத்தாள். நெஞ்சுக்குள் முதலில் எழும்பி வந்தது ஓர் 'அப்பாடா'. பாரமான பையைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கி வைக்கிறபோது வருமே, அந்த அப்பாடா. அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. யாரோ அதைக் கேட்டுவிட்டதுபோல அவசரமாகச் சொன்னாள்.

"துரொண்ட்ஹெய்மிலை ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறன். அது முடிய வாறன்."

"அதுவரைக்கும் வாசிக்கிறது நல்லதில்லை அக்கா. தொற்று இருக்கு."

"ஓம். விளங்குது. அது முடிய வாறன்."

ஹம்சத்வனி கையுறையைக் கழற்றிக் குப்பைக்குள் போட்டாள்.

*

ராகவியின் கைக்கு சாக்ஸபோன் வந்து சேர்ந்ததே தாயின் ஒரு தவறான எண்ணத்தால்தான். தகப்பன் தில்லைநாதன் படிக்க என்று நோர்வேக்கு வந்து, வடகரையில் ஒரு சிறிய ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றுவிட்டவர். மனைவி வசந்தமலரும் மகள் ராகவியும் பிறகு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியக்குழு இருந்தது. கோர்ப்ஸ் என்பார்கள். ஊரில் பிள்ளைகள் குறைவு, வாத்தியங்கள் அதிகம். டெனர் வாசித்த பெட்டை படிக்கத் தெற்கே போய்விட, பெட்டி அலுமாரிக்குள் கிடந்தது. கோர்ப்ஸை நடத்தியவர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து, ராகவிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கணக்கு, விஞ்ஞானம் மாதிரி இதுவும் கட்டாயப் பாடம் என்று வசந்தமலர் நினைத்துக்கொண்டார். தலையாட்டிவிட்டார்.

"பள்ளிக்கூடத்திலையிருந்து வந்து தாறாங்கள். வேண்டாமெண்டு சொல்லலாமோ?" என்று பிற்காலத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார்.

ஈரப்பனி கொட்டும் மே பதினேழில், நோர்வேயின் தேசிய நாளன்று, தன் உடம்பில் பாதி உயரமான வாத்தியத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ராகவி தெருவழியே அணிநடை இசை வாசித்துப் போனாள். விரல்கள் விறைத்தன. ஆனால் அந்தக் குழாய்க்குள்ளிருந்து வந்த கீழ்ச்சுரம், ஆண்பிள்ளைக் குரலும் இல்லாமல் பெண்பிள்ளைக் குரலும் இல்லாமல், அவளுடைய விலா எலும்பெல்லாம் அதிர வந்தது. பிறகு அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

குடும்பம் ஒஸ்லோவுக்கு மாறி ஹொல்ம்லியாவில் குடியேறியது. தில்லைநாதன் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கினார். பின்னேரங்களில் தபால் தரம்பிரித்தார். மகளுடைய ஒரு கச்சேரியையும் அவர் தவறவிட்டதில்லை. முன்வரிசையில் போய் இருப்பார், இரண்டாவது பாட்டிலேயே நித்திரையாகிவிடுவார். ஒருமுறை ராகவி கோபத்தில், "அப்பா, நித்திரை கொள்ளுறதெண்டால் வீட்டிலை கொள்ளலாமே" என்று கேட்டாள்.

"வீட்டிலை எனக்கு இப்பிடி நித்திரை வராது பிள்ளை" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

துரொண்ட்ஹெய்மில் ஜாஸ் படிக்கப் போன இடத்தில்தான் ஓய்விந் என்பவனைச் சந்தித்தாள். அங்கத்தைய தச்சன் ஒருவனின் மகன், டிரம்ஸ் வாசிப்பவன், நெடுவல். அவனும் ராகவியும் இன்னும் இருவரும் சேர்ந்து நால்வர் குழு ஒன்று தொடங்கினார்கள். முதல் இசைத்தட்டைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. இரண்டாவதற்குப் பரிசு கிடைத்தது. அதன்பிறகு அவர்கள் வாழ்க்கை வான் வண்டிகளிலும் படகுத்துறைகளிலும் விமான நிலையங்களிலும் கழிந்தது. தெரியாத ஊர்களின் கலாசார மண்டபங்கள், சுருதி இறங்கிய பியானோக்கள், ஆறிப்போன இறைச்சிக் குழம்பு. ராகவி ஒலிப்பதிவாளன் ஒருவனைக் கல்யாணம் செய்தாள். சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு, அவ்வளவுதான்.

பத்திரிகையாளர்கள் எங்கே போனாலும் அவளுடைய வேரைத் தேடினார்கள். கீழைத்தேயப் பாரம்பரியம் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டார்கள். என்னுடைய பாரம்பரியம் மீன் நாற்றமடித்த ஊரொன்றின் பள்ளிக்கூடக் கோர்ப்ஸ் என்று அவள் சொன்னால் சிரித்துவிட்டு, வேறு மாதிரி எழுதினார்கள். ஒரு விழாக்காரர் தபேலா வாசிப்பவர் ஒருவரையும் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். தமிழர்கள் கல்யாண வீட்டுக்கு வந்து சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஒருவர் கச்சேரி முடிந்து வந்து, "மேடம், நீங்க கர்நாடிக் பேஸ் வெச்சுத்தானே இம்ப்ரொவைஸ் பண்றீங்க? எனக்கு அப்படியே கல்யாணி கேட்டுச்சு" என்றார். ராகவிக்குக் கல்யாணி எதுவென்று தெரியாது. நன்றி என்று சொன்னாள்.

இவையெல்லாம் தாங்கக்கூடியவைதான். தாங்க முடியாதது வேறொன்று. ஒரு சுரம் வருவதற்கு முன்னமே அது எப்படி வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கே இழுப்பாள், எங்கே கிசுகிசுப்பாள், எங்கே சபை மூச்சை நிறுத்தும், எல்லாம் தெரியும். ஒவ்வொரு மேடையிலும் தன் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டுக் களைத்துப் போனாள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால், ஓய்வெடு என்பார்கள். ஓய்வெடுத்தும் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்தால் அதே குரல் பெட்டிக்குள் காத்துக்கொண்டு கிடந்தது.

தகப்பன் இறந்தபின் ராகவி ஹொல்ம்லியாவில் தாயோடு வந்து இருந்தாள். அந்தத் துக்க நாட்களில் ஒரு பாட்டு எழுதினாள். நடுவில் ஓரிடத்தில் டெனர் ஒன்றும் வாசிக்காமல் நிற்கும். மற்ற மூன்று பேரும்கூட நிற்பார்கள். மூச்சு வாங்கி விடுகிற அளவுக்கு வெறும் அமைதி, பிறகு பாட்டு தொடரும். அதற்கு நோர்வேஜிய மொழியில் 'மூச்சு விட ஓர் இடம்' என்று பொருள்படும் பெயரொன்றை வைத்தாள். கடைசி இசைத்தட்டில் அதுதான் எல்லோருக்கும் பிடித்தது.

*

துரொண்ட்ஹெய்ம் நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. ராகவி மவுத்பீஸின் மேல் தடித்த ரப்பர்த் துண்டு ஒட்டியிருந்தாள். அப்படியும் முதற்பாட்டிலேயே பல்முரசு நெருப்பாய்ப் பற்றியது. மேலுதட்டையும் உள்ளே மடித்துப் பல்லுக்குக் கவசமாக வைத்து வாசித்தாள். பழைய காலத்து ஆட்கள் சிலர் அப்படி வாசித்ததாகச் சொல்வார்கள். அப்படி வாசித்தால் ஒலி மெத்தென்று வரும், ஆனால் உதட்டுத்தசை வெகுவிரைவில் களைத்துவிடும். மூன்றாவது பாட்டில் உயரச்சுரம் ஒன்று கீச்சிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் திடுக்கிட்டுத் தன் துணையைப் பார்த்தாள். ராகவி அடுத்த அடியை வாசிக்காமல் விட்டாள். ஓய்விந் அந்த இடத்தை நிரப்பினான். அதற்குப் பிறகு பாதிக் கச்சேரியை அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். கைதட்டு கிடைத்தது. அன்புக்காகத் தட்டுகிற கைதட்டு எப்படிக் கேட்கும் என்பது இத்தனை வருட அனுபவத்தில் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் ஒன்றாக ரயிலில் ஒஸ்லோவுக்குத் திரும்பினார்கள். வெளியே மலைமேட்டில் பனி கண்ணைக் கூசவைத்தது. ராகவி பல்லைப் பற்றிச் சொன்னாள்.

"சரி. ஒரு வருடம் காத்திருப்போம்" என்றான் ஓய்விந்.

"காத்திருக்க வேண்டாம். வசந்தகாலத்து ஊர்களை ஒப்புக்கொண்டாகிவிட்டது. வேறு ஆளைப் போட்டுக்கொண்டு போங்கள்."

"ஒரு வருடத்துக்கா?"

"எனக்குத் தெரியாது."

அவன் கோப்பிக் கோப்பையைச் சன்னலோரம் வைத்தான். "பல்லைப் பிடுங்குகிறாயா, என்னை விட்டுப் போகிறாயா? எது என்று சொல்."

"நான் களைத்துப் போனேன், ஓய்விந்."

"எல்லோரும் களைத்துத்தான் போனோம். எனக்கு முதுகு போய்விட்டது. நான் சொன்னேனா?"

"நீ ஒவ்வொரு நாளும் சொல்கிறாய்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். லில்லஹமர் நிலையத்தில் சனம் ஏறி இறங்கியபோது, "இவ்வளவு காலம் உன் மூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் அடித்தேன். வேறொருவனுடைய மூச்சை இனிப் படிக்க வேண்டும். அது லேசில்லை" என்றான். ராகவி அவன் கையைத் தொட்டாள்.

*

பற்கள் இரண்டும் பெரிய போராட்டம் இல்லாமல் வந்துவிட்டன. ஹம்சத்வனி கழற்றிப் பூட்டக்கூடிய தற்காலிகப் பல் ஒன்று செய்து கொடுத்தாள். கதைத்தால் 'ச' எல்லாம் சீழ்க்கையாகப் போனது.

வாசிக்காதவளுக்கு வருமானம் இல்லை. ராகவி ஹொல்ம்லியாவுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போய் உருளைக்கிழங்கு அவிப்பது, தட்டுகளை வண்டியில் அடுக்கித் தள்ளுவது, கழுவி அடுக்குவது. பின்னேரம் முன்வாசல் கதவால் வெளியே வந்தால் வேலை முடிந்தது. முடிந்தது என்றால் முடிந்ததுதான். இசையில் ஒருநாளும் ஒன்றும் முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்து தாயின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, சோபாவில் சரிந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நித்திரை கொள்வாள். கனவில்லாத நித்திரை.

"இப்பத்தான் நீ ஒரு மனிசரைப் போலை இருந்து சாப்பிடுறாய்" என்றார் வசந்தமலர்.

"முந்தி எப்பிடிச் சாப்பிட்டனான்?"

"நிண்டுகொண்டு. எங்கையோ கார் ஸ்டார்ட்டிலை நிக்கிற மாதிரி."

கோயிலில் கண்ட பெண்கள் அவளைப் பிடித்துவைத்துக்கொண்டு இரங்கினார்கள். "பாவம் பிள்ளை, எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்ச கலை" என்று ஒருவர் கண்கலங்கினார். ராகவி வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். தன் மனம் எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? சாக்ஸபோன் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தும்புத்தடியால் கூட்டும்போது தட்டுப்படும். சற்றே உள்ளே தள்ளிவிட்டுக் கூட்டுவாள்.

வசந்தகாலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தமலர் கணவாய்க் கறி வைத்துக்கொண்டிருந்தார். ராகவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சமையலறை வானொலியில் எங்கோ நடந்த கச்சேரியொன்றின் பதிவு போனது. தகப்பனுக்காக ராகவி எழுதிய அந்தப் பாட்டு. டெனர் வாசித்தவன் சிகுர் என்று பெர்கனிலிருந்து வந்தவன். அவளுடைய இடத்துக்கு ஓய்விந் பிடித்த ஆள்.

வசந்தமலர் அகப்பையை நிறுத்திவிட்டுக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"நல்லா வாசிச்சிருக்கிறாய் பிள்ளை. இது எப்ப செய்தது?"

ராகவியின் கத்தி நின்றது. "அம்மா, இது நானில்லை."

"நீயில்லையோ?" வசந்தமலர் வானொலியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "பேந்து ஆர்?"

"வேறை ஆள். பெடியன் ஒராள்."

"எனக்கெண்டால் உன்ரை மாதிரித்தான் கேக்குது" என்றார் வசந்தமலர். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக உப்புப் பார்க்கத் திரும்பினார்.

பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியவில்லை. குத்தத்தான் செய்தது. ஆனால் குத்திய கையோடு ஒரு சிரிப்பும் வந்தது ராகவிக்கு. எந்தக் குரலை உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லாத ஒன்றென்று இவ்வளவு காலம் தூக்கிச் சுமந்தாளோ, அதை ஒருவன் ஒரு சில மாதத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுடையது அவளுடையதைவிடச் சுத்தம். வேகமான இடங்களில் விரல் வழுக்கவில்லை. போகட்டும், வாசிக்கட்டும் என்று வெங்காயத்தை மறுபடி எடுத்தாள்.

அப்போது நடுவிலிருந்த அந்த இடம் வந்தது. எல்லோரும் நிற்க வேண்டிய இடம். மற்ற மூன்று பேரும் நின்றார்கள். சிகுர் நிற்கவில்லை. மெல்லிய அலங்காரம் ஒன்று வாசித்து அந்த இடைவெளிக்குப் பாலம் போட்டுவிட்டான். அழகாகத்தான் இருந்தது. ராகவிக்கு யாரோ வீட்டுக்குள் சப்பாத்துக்காலோடு ஏறிவிட்டதுபோல உடம்பு கூசியது.

கையைக் கழுவாமலே ஓய்விந்துக்கு அழைப்பு எடுத்தாள். அவர்கள் இருவரும் கதைத்து மாதங்களாகியிருந்தன.

"அவனைச் சும்மா நிற்கச் சொல்" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

ஓய்விந்துக்கு எது என்று உடனே விளங்கியது. "சொல்லிப் பார்த்தேன். நீயே சொல். அவனுக்கு உன் விலாசம் கொடுக்கிறேன்."

*

அடுத்த சனிக்கிழமை சிகுர் உள்ளூர் ரயிலில் ஹொல்ம்லியாவுக்கு வந்தான். நாற்பதுக்குக் கிட்டிய வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம், ஜாக்கெட் தோளில் குழந்தை கக்கிய பாலின் வெள்ளைக்கறை. வசந்தமலர் அவனை மேசையில் இருத்திப் புட்டும் கணவாய்க் கறியும் வைத்தார். அவன் உறைப்பில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டான்.

"அந்த இடத்தில் நிற்க முயன்றேன்" என்றான், தண்ணீர் குடித்துவிட்டு. "சத்தியமாக முயன்றேன். முதல் இரண்டு ஊரிலும் நின்றேன். சபையில் ஒருவர் இருமினார். கதிரை ஒன்று கிரீச்சிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. ஏதோ என்னுடைய பிழை மாதிரி இருந்தது."

ராகவி ஒரு கடும் பேச்சைத் தயாராக வைத்திருந்தாள். அது வாய்க்கு வரவில்லை.

"எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றாள். சொற்களுக்கிடையில் சீழ்க்கை போனது. "ஆறாவது ஏழாவது தடவையாகியும் பயந்தேன். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன்."

"அப்போ ஏன் எழுதினாய்?"

"அப்பா செத்துப்போனபோது வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த நேரத்தைவிட நல்ல நேரம் அந்தக் கிழமையில் இருக்கவில்லை. எல்லோரும் வந்து பேசத் தொடங்கினார்கள். பிறகுதான் கஷ்டமாகப் போனது."

சிகுர் புட்டைக் கறியில் பிசைந்தான். "எங்கள் வீட்டில் பிறந்து மூன்று மாதமான ஒன்று இருக்கிறது" என்றான். "நான் பகலில் கட்டடமொன்றில் வர்ணமடிக்கிறேன். வாரக்கடைசியில் உன் பாட்டுகளை வாசிக்கிறேன். மேடையில் நிற்கும்போதுதான் நான் நித்திரை கொள்ளாமல் இருக்கிறேன் என்பது மறந்துபோகிறது. அமைதி வந்தால் ஞாபகம் வந்துவிடுகிறது."

ராகவி அடக்க முடியாமல் சிரித்தாள். தற்காலிகப் பல் கழன்று கைக்குள் விழுந்தது. அவன் பதறினான். பிறகு அவனும் சிரித்தான். வசந்தமலர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை அம்மா. இவரும் களைச்சுப்போனாராம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் புட்டு வை."

*

இலையுதிர்காலம் முடிகிற நேரத்தில் இம்பிளாண்ட் இறுகிவிட்டது. புதுப்பற்களைப் பூட்டிய ஹம்சத்வனி, "இனி மெல்ல மெல்ல வாசிச்சுப் பாருங்கோ அக்கா" என்றாள். ராகவிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்து, ஒரு கிழமை பெட்டியைத் தொடாமல் இருந்தாள். பிறகு ஒரு விடுமுறை நாளில், தாய் கடைக்குப் போயிருந்த நேரம், அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள்.

ஒரேயொரு நீளச்சுரம் வாசித்தாள். கையில் இருந்த வாத்தியத்தை இறக்கிப் பார்த்தாள். ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்தாள். ஒலி தகரத்தில் கல் போட்டது மாதிரி மண்டைக்குள் அதிர்ந்தது. கீழ்ச்சுரத்தில் இருந்த அந்தக் கனத்தைக் காணவில்லை, மேலே எங்கேயோ கூரிய ஒன்று கீறிக்கொண்டு போனது. மறுநாள் வேலை முடிந்து வாத்தியம் திருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோனாள். திருத்துகிறவர் எல்லா மூடிகளையும் பார்த்தார், தானே வாசித்தும் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை என்றார்.

ஹம்சத்வனிக்குத் தொலைபேசினாள்.

"அது அப்பிடித்தான் அக்கா" என்றாள் ஹம்சத்வனி. "உங்கடை சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலை மெல்லிய சவ்வு மாதிரி ஒண்டு இருந்தது. அதிர்வு அதுக்குள்ளாலை போய்த்தான் உங்கடை காதுக்கு வரும். இப்ப திருகாணி நேரை எலும்பிலை நிக்குது. நடுவிலை ஒண்டும் இல்லை. வெளியாலை கேக்கிற ஆக்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உங்களுக்கு மட்டுந்தான்."

"பழையபடி வருமோ?"

"பழகும். பழையபடி வராது."

சில கிழமைகள் ராகவி அந்தப் புது ஒலியை வெறுத்தாள். ஆனாலும் சமையலறை வேலை முடிந்து வந்து, கொஞ்ச நேரம் வாசித்தாள். சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நீளச்சுரங்கள் மட்டும். ஏன் வாசிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பின்னேரம் தகப்பனின் பாட்டின் முதலடியை எடுத்தாள். வழக்கமாக இழுக்கிற இடத்தில் இழுத்தபோது அது அசிங்கமாகக் கேட்டது. வெட்டி நிறுத்தினாள். நிறுத்திய பிறகு அடுத்த சுரம் எப்படி வரும் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை. அப்படியொரு நிலை வந்து எத்தனை வருடம்! பயத்தோடு ஊதினாள். வேறெங்கோ போய் நின்றது. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மறுபடி ஊதினாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஓய்விந்தின் வீட்டு நிலவறையில் போய் நின்றாள். தன் நிபந்தனைகளைப் படியில் இறங்கும்போதே சொல்லிவிட்டாள். சமையலறை வேலையை விடமாட்டாள். தூர ஊர்களுக்கு வரமாட்டாள். குழு இனி ஓய்விந்தின் பெயரில் இருக்கட்டும். சிகுரை அனுப்பிவிடக்கூடாது, இரண்டு டெனர் இருக்கட்டும்.

"இரண்டு டெனருக்கு யார் அழைப்பார்கள்?" என்றான் ஓய்விந்.

"அழைக்காவிட்டால் வீட்டில் இருப்போம்."

சிகுர் பெட்டியைத் திறந்துகொண்டே கொட்டாவி விட்டான். ராகவி முதலடி வாசித்தாள். ஓய்விந் கண்ணை மூடிக் கேட்டான், மூச்சு பிடிபட்டதும் கம்பித் தூரிகையால் டிரம்ஸை மெல்லத் தடவத் தொடங்கினான். பாட்டு முடிந்ததும், "அப்படியே இருக்கிறாய். ஒரு துளிகூட மாறவில்லை" என்றான், கண் கலங்க.

ராகவியின் மண்டைக்குள் அந்தத் தகர ஒலி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. உதட்டின் உட்புறம் கிழிந்து உப்புக் கரித்தது. தசைகள் துவண்டுபோயிருந்தன, அடுத்த நாள் காலை வேலை வேறு இருந்தது. சிகுரைப் பார்த்து, அடுத்த சுற்றை நீ எடு என்று தலையால் காட்டினாள். அங்கே கிடந்த ஸ்டூலில் குந்தி, வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, அவன் வாசிப்பதைக் கேட்கத் தொடங்கினாள்.